கலமும் செல்லும்: உயிரணுச் சொற்களின் தமிழ் வரலாறு

ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் பிறந்த சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியார் பின்னாளில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக உயர்ந்ததை இவ்வட்டாரத்தில் அறியாதார் இலர். ஓசூர்ப் பள்ளியில் பயின்று, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பட்டம் பெற்று, சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்திய காலத்தில் அவர் செய்த வேறொரு பணியை அறிந்தோர் சிலரே. 1916ஆம் ஆண்டு வெங்கடசுப்பையர் என்பாருடன் சேர்ந்து அவர் சேலத்தில் 'தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம்' என்ற அமைப்பைத் தோற்றுவித்தார். இரசாயனம், பௌதிகம், தாவரவியல் முதலிய துறைகளுக்கு வேண்டிய தமிழ்ச் சொற்களைத் திரட்டி ஓர் இதழ் வழியாக அறிஞர் பார்வைக்கு வைப்பதே அச்சங்கத்தின் நோக்கம். அந்நாளில் ஓசூர் வட்டம் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவே, அறிவியலுக்குத் தமிழில் பெயரிடும் முயற்சியின் தொடக்க ஏடுகளுள் ஒன்றை இம்மண்ணுக்குரியதாகவே கொள்ளலாம்.

சங்கம் தோன்றிய காலத்தை உயிரியலின் வரலாற்றோடு ஒப்பிட்டுக் காண்பது பயனுடையது. 'ஜீன்' என்ற சொல்லை டென்மார்க்கு அறிஞர் யோகான்சன் 1909இல்தான் படைத்தார். சேலத்தில் சங்கம் கூடியபோது அச்சொல்லுக்கு அகவை ஏழு. அது எப்பொருளால் ஆனது என்பதை அப்போது உலகில் எவரும் அறிந்திலர். பொருள் இன்னதென்று உலகம் உணர்வதற்குள்ளேயே அதற்குத் தமிழில் பெயர் தேடும் கட்டாயம் வந்துவிட்டது. உயிரணுவியற் சொற்களின் தமிழ் வரலாறு முழுவதிலும் இந்த அவசரத்தின் சுவடு காணப்படுகிறது.

இத்துறையில் சேலத்தாருக்கு முன்னோடி யாழ்ப்பாணத்தில் இருந்தார். அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தில் பிறந்த மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, தமிழ் கற்று, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1864 முதல் அவருடைய வகுப்புகள் தமிழிலேயே நடந்தன. 'மனுஷ அங்காதிபாதம்', 'இரணவைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் அவராலும் அவருடைய மாணவராலும் உருவாயின. தமிழ் மருத்துவ நூல்களில் சொல் உண்டா என்று முதலில் பார்ப்பது, இல்லையேல் வடமொழியை நாடுவது, அங்கும் கிட்டாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது என்பன அவர் கைக்கொண்ட வழிகள். உயிர்கள் யாவும் உயிரணுக்களால் ஆனவை, ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவிலிருந்தே தோன்றும் என்ற கொள்கையை விர்ச்சோ என்ற செருமானிய மருத்துவர் 1850களில்தான் நிலைநாட்டினார். ஐரோப்பாவில் மை உலராத அக்கருத்துகள் பேசப்பட்ட தலைமுறையிலேயே, ஈழத்து மாணவர் உடற்கூற்றைத் தமிழில் கற்றனர். கிறீனுக்கு வாய்த்து சேலத்துச் சங்கத்துக்கு வாய்க்காத ஒன்றும் உண்டு. எதிரே அமர்ந்து, விளங்கவில்லை என்று சொல்லக்கூடிய மாணவர் கிறீனுக்கு இருந்தனர். சங்கத்தின் எதிரே இருந்தவை சொற்பட்டியல்களே.

சேலத்துச் சங்கம் நெடுங்காலம் நீடிக்கவில்லை. அதன் பெயரே காட்டுவதுபோல் அது வடமொழிச் சாயலை மிகுதியும் ஏற்றது. அதனை இன்று குறை கூறுவது எளிது. ஆயினும் 'பரிபாஷை' என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிப்போர், அதே மனிதர் பின்னர் 'தமிழில் முடியுமா' என்றும் 'திண்ணை ரசாயனம்' என்றும் நூல் எழுதியதையும் நினைத்தல் வேண்டும். சாஸ்திரத்திலிருந்து திண்ணைக்கு இறங்கி வந்த இந்த நடை சிறிய நடையன்று.

1930களில் முயற்சி சென்னைக்கும் நெல்லைக்கும் பரவியது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் சொல்லாக்க மாநாடு 1936இல் சென்னையில் சுவாமி விபுலானந்தர் தலைமையில் கூடியது; 1938இல் 'கலைச்சொற்கள்' என்ற தொகுதி வெளிவந்தது. ஈழத்தில் பிறந்த துறவி ஒருவர் தமிழகத்து மாநாட்டுக்குத் தலைமை ஏற்றது, அந்நாளில் கடல் இரு கரையையும் பிரிக்கவில்லை என்பதற்குச் சான்று. 1940இல் அரசு வி.எஸ்.சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அமைத்த குழு வடமொழி வழிச் சொற்களுக்குச் சார்பாக நின்றபோது தமிழறிஞர் கிளர்ந்தெழுந்தனர். அப்பூசல் நன்கறியப்பட்டதாகலின் ஈண்டு விரிக்கவில்லை.

பிரிவு நேர்ந்தது அதற்குப் பின்னரே. 1950கள் தொடங்கி இலங்கையின் அரசகரும மொழித் திணைக்களம் தன் பள்ளிகளுக்கெனச் சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழகமோ பாடநூல் நிறுவனம் வழியாகத் தன் வழியே சென்றது. இரண்டு தலைமுறைக்குள் ஒரே மொழியில் இரண்டு உயிரியல்கள் எழுந்துவிட்டன. தமிழகத்தில் 'செல்' என்பது இலங்கையில் 'கலம்'. இங்கே 'திசு', அங்கே 'இழையம்'. இங்கே 'உட்கரு', அங்கே 'கரு'. 'குரோமோசோம்' அங்கே 'நிறமூர்த்தம்'. 'மைட்டோகாண்ட்ரியா' அங்கே 'இழைமணி'. 'ஜீன்' அங்கே 'பரம்பரையலகு'. 1983க்குப் பின் அகதிகளாகத் தமிழகம் வந்து இங்குள்ள பள்ளிகளில் சேர்ந்த ஈழத்துப் பிள்ளைகள், வீடும் ஊரும் இழந்ததோடு 'கலம்' என்று கற்றதைச் 'செல்' என்று மாற்றிக் கற்கவும் வேண்டியிருந்தது. தாய்மொழிக்குள்ளேயே அயல்மொழி கற்க நேர்ந்த துன்பம் அது.

இச்சொற்களுள் எது நன்று என்று வினவுமுன் மூலச்சொல் எவ்வாறு பிறந்தது என்று காணுதல் வேண்டும். 1665இல் இராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேயர் தக்கைச் சீவல் ஒன்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினார். தேனடைபோல் அடுக்கடுக்காகச் சிறு அறைகள் தெரிந்தன. அவற்றுக்கு அவர் சிற்றறை என்னும் பொருளுடைய 'செல்' என்ற பெயரை இட்டார். உண்மையில் அவர் கண்டது உயிரற்ற சுவர்களையே. உள்ளே இருந்த உயிர்ப்பொருள் உலர்ந்து மறைந்து நெடுநாளாகியிருந்தது. வெற்று வீட்டைக் கண்டு இட்ட பெயர் குடியிருப்போர்க்கும் ஆகிவந்த கதை இது. அவ்வகையில் 'கலம்' என்ற தமிழ்ச்சொல் மூலத்தையும் விஞ்சுகிறது. கலம் என்பது ஒன்றைத் தன்னுள் ஏந்தி நிற்பது. உண்கலமும் அதுவே, கடலோடும் மரக்கலமும் அதுவே. உயிரணுவைச் சூழ்ந்துள்ள மென்சவ்வு உள்ளே விடத்தக்கதை விட்டு, தகாததைத் தடுத்து, உள்ளிருக்கும் நீர்மத்தைக் காக்கிறது. இதனை மாணவனுக்கு விளக்க முற்படும் ஆசிரியருக்குப் பாதி வேலையைக் 'கலம்' என்ற சொல்லே செய்து முடித்துவிடும்.

'செல்' என்பதற்கோ தமிழில் முன்னரே பொருள்கள் உள்ளன. போ என்னும் ஏவல் ஒன்று; ஏட்டை அரிக்கும் கறையான் மற்றொன்று. செல்லரித்த சுவடிகளால் தமிழ் இழந்த நூல்கள் எத்தனை! அப்பெயரையே உயிரின் அடிப்படை அலகுக்கும் வைத்துக்கொண்டது விந்தைதான். இப்போது கைப்பேசியும் அப்பெயருக்குப் பங்காளியாகிவிட்டது. ஆயினும் ஒரு பக்கமாகவே தீர்ப்புச் சொல்லுதல் முறையன்று. ஓசூர்ச் சிப்காட்டுப் பட்டறைகளில் 'லேத்து' என்றும் 'கியர்' என்றும் சொல்லித் தமிழிலேயே நுட்பமாகத் தொழில் பேசுவோர் ஆயிரக்கணக்கில் உள்ளனர். கடன் வாங்கிய சொல் கருத்தைத் தடுப்பதில்லை. அது செய்யத் தவறுவது ஒன்றே: தன் பொருளைத் தானே சொல்லாது.

இதழ்களும் நாளேடுகளும் மூன்றாவதாக 'உயிரணு' என்ற சொல்லைப் பரப்பின. செவிக்கு இனியது, கவிதைக்கும் இணங்கியது. ஆனால் அணு என்பதை இயற்பியலார் தமக்கென எடுத்துக்கொண்ட பின் அச்சொல்லில் ஒரு மயக்கம் புகுந்தது. ஓர் உயிரணுவில் கோடானு கோடி அணுக்கள் அடங்கும். 'மரபணு' என்பதிலும் இதே மயக்கம் உண்டு. ஜீன் என்பது அணுவன்று. கோடிக்கணக்கான அணுக்கள் கோத்த நீண்ட மூலக்கூற்றின் ஒரு பகுதி. அணு என்ற சொல் மிகச் சிறியது என்ற பழம்பொருளில் இங்கே வழங்குகிறது என்று அமைதி கூறலாம். மக்கள் நாவில் ஏறிவிட்ட சொல்லை இனி இறக்குவார் இல்லை.

நிறமூர்த்தமும் இழைமணியும் வேறு வகையின. உயிரணு பிரியும் காலத்தில் சாயம் ஊட்டினால் உட்கருவினுள் சில இழைகள் நிறமேறித் தெரியும். அதனால் 1888இல் வால்டையர் அவற்றுக்கு 'நிறமேறிய உடல்' என்று பொருள்படும் குரோமோசோம் என்ற கிரேக்கப் பெயரை இட்டார். நிறமூர்த்தம் அதன் நேர்பெயர்ப்பு. தமிழகத்தில் சிலர் ஆண்ட 'நிறப்புரி' என்பது அதனினும் அழகியது. புரி என்பது முறுக்கிய கயிற்றின் இழை. கன்னடத்தார் இதனை 'வர்ணதந்து' என்பர். நிற நூல் என்பது பொருள். எல்லைக்கு இருபுறமும் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கேளாமலே ஒரே உருவகத்தை அடைந்திருக்கின்றனர். மைட்டோகாண்ட்ரியா என்ற கிரேக்கப் பெயருக்கும் இழை, மணி என்பனவே பொருள். உணவிலிருந்து ஆற்றலைப் பிரித்துத் தரும் அவ்வுறுப்பு உருப்பெருக்கியில் சிலபோது இழையாகவும் சிலபோது மணியாகவும் தோன்றியதால் அப்பெயர் வந்தது. 'இழைமணி' என்று கேட்ட தமிழ் மாணவன் கிரேக்கம் அறியாமலே இவ்வளவையும் அறிந்துகொள்கிறான்.

ஓசூர்ப் பகுதியின் நிலை இன்னும் சிக்கலானது. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளிலும் பள்ளிகள் நடக்கும் வட்டாரம் இது. ஒரே தெருவில் வாழும் மூன்று பிள்ளைகளுள் ஒருவன் 'செல்' என்றும், ஒருத்தி 'ஜீவகோஶ' என்றும், மற்றொருவன் 'கணம்' என்றும் அதே பொருளைப் படிக்கக்கூடும். ஜீவகோஶ என்பது உயிரின் உறை. கணம் என்பது துகள். ஒன்று கலத்துக்கு நெருங்கியது. மற்றது அணுவுக்கு நெருங்கியது. இம்மூவரும் மாலையில் கூடி விளையாடும்போது எம்மொழியில் உயிரியல் பேசுவர் என்பது எந்தச் சொல்லாக்கக் குழுவின் முன்னும் வைக்கப்படாத வினா.

புரதம் என்றால் என்ன என்று இவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு விளக்கத் தொலைவில் உவமை தேட வேண்டியதில்லை. ஓசூரில் மத்தியப் பட்டு வாரியத்தின் மரபுவள மையம் பட்டுப்புழு வகைகளையும் மல்பெரி வகைகளையும் பேணி வருகிறது. சுற்றுப்புறச் சிற்றூர்களில் புழு வளர்ப்போர் பலர். புழு தன்னைச் சுற்றிக் கட்டும் கூட்டின் நூல் முழுவதும் புரதமே. உள்ளே வலிய இழையாய் இருப்பது ஃபைப்ராயின். மேலே பசைபோல் ஒட்டியிருப்பது செரிசின். கூட்டைக் கொதிநீரில் இட்டு நூல் பிரிப்பது அப்பசையை இளக்குவதற்கே. அமினோ அமிலம் என்னும் சிறு மணிகள் ஒன்றோடொன்று கோத்துப் புரதமாகின்றன. மணிகளில் 20 வகை உண்டு; கோக்கும் முறை மாறினால் புரதமும் மாறும். நகமும் தோலும் தசையும், உணவைச் செரிக்கும் நொதிகளும் இவ்வகையினவே. 'நொதி' என்ற சொல்லாக்கத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. 1870களில் செருமானியர் கூனே என்சைம் என்ற பெயரைப் படைத்தபோது புளித்து நுரைக்கும் நொதியமே அவர் மனத்தில் இருந்தது. தமிழ்ச்சொல்லும் நொதித்தல் என்ற அதே வினையிலிருந்து எழுந்தது.

புரதத்தின் வடிவத்தை ஆராய்ந்தோருள் தலைசிறந்த ஒருவர் சென்னையில் பணியாற்றினார். ஜி.என்.இராமச்சந்திரன் 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகள் முறுக்கிய சுருள் என்று காட்டினார். டி.என்.ஏ. இரட்டைச் சுருள் என்று வாட்சனும் கிரிக்கும் அறிவித்த மறு ஆண்டு அது. 1970களின் தொடக்கத்தில் அவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குச் சென்று மூலக்கூற்று உயிர் இயற்பியலுக்கெனத் தனித்துறை கண்டார். அவர் ஆய்வுகள் ஆங்கிலத்தில் வெளிவந்தன, அதில் வியப்பில்லை. முப்புரி என்ற சொல் வழங்கும் மொழியின் நடுவே கண்டறியப்பட்ட முச்சுருள், அம்மொழி பேசும் பொதுமக்களை நெடுநாள் சென்றடையவில்லை என்பதே வருந்தத்தக்கது.

அக்காலத்தில் இவ்விடைவெளியை நிரப்ப முயன்றோருள் ஒரு கவிஞரும் இருந்தார். பெரியசாமித் தூரன், தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் சார்பில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியர். இசைப்பாடல்களுக்குப் பெயர் பெற்றவர். அவரே 'பாரம்பரியம்', 'கருவில் வளரும் குழந்தை' என்ற அறிவியல் நூல்களையும் எழுதினார். கோவையிலிருந்து வந்த 'கலைக்கதிர்' இதழும், பெ.நா.அப்புசாமியின் கட்டுரைகளும் அதே தொண்டைச் செய்தன. சொல்லாக்கக் குழுக்கள் ஆக்கியவற்றுள் பல உறங்கிவிட, இவர்கள் கட்டுரைக்குள் வைத்து ஆண்ட சொற்கள் வாழ்ந்தன. எளிய காரணம்தான். தனியே பட்டியலில் நிற்கும் சொல்லுக்கு வினை இல்லை. வாக்கியத்தில்தான் அது நடக்கப் பழகுகிறது.

மூலக்கூற்று உயிரியலுக்கு வரும்போது நிலைமை திரும்புகிறது. உயிரணுவுக்குள் நிகழ்வதை விளக்க மேலை அறிவியலார் எழுத்துத் தொழிலின் சொற்களையே எடுத்தாண்டனர். டி.என்.ஏ. என்னும் நெடிய இழையில் நான்கு வகை வேதிப்பொருள்கள் எழுத்துகள்போல் வரிசையாக நிற்கின்றன. மனித உயிரணு ஒன்றில், ஒரு பெற்றோர் வழி வந்த தொகுதியில் மட்டும், ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள். அவற்றுள் வேண்டிய பகுதி மட்டும் ஆர்.என்.ஏ. என்ற வேறோர் இழையில் நகலாகும். அது உட்கருவைவிட்டு வெளியேறி ரைபோசோம் என்ற நுண் பட்டறையை அடைய, அங்கே மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்பட்டு அமினோ அமிலங்கள் கோக்கப்படும். நான்கு எழுத்தால் ஆகும் மூவெழுத்துச் சொற்கள் 64. அவற்றுள் 61 அமினோ அமிலங்களைக் குறிக்கும், 3 முற்றுப்புள்ளிகள். இவ்வகராதியைத் தொகுத்தவருள் ஒருவர் 1968இல் நோபெல் பரிசு பெற்ற அர் கோவிந்து கொரானா. ரைபோசோமின் அமைப்பைத் தெளிவாக்கி 2009இல் அப்பரிசைப் பெற்றவருள் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி இராமகிருஷ்ணன்.

முதல் நிகழ்ச்சிக்குத் தமிழில் 'படியெடுத்தல்' என்று பெயர் வந்தது. இரண்டாவதற்கு 'மொழிபெயர்ப்பு'. இடையே செல்லும் இழைக்குத் 'தூது ஆர்.என்.ஏ.'. இவற்றை ஆக்கியோர் ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ச்சொல் இட்டதாகவே எண்ணியிருக்கலாம். ஆனால் படியெடுத்தல் என்றவுடன் ஆங்கிலேயன் உள்ளத்தில் தட்டச்சுப் பொறி தோன்றினால், தமிழன் உள்ளத்தில் ஓலையும் எழுத்தாணியும் தோன்றும். மூலச்சுவடி மடத்தைவிட்டு அகலாது. வேண்டுவோர் வந்து வேண்டிய பகுதியைப் படியெடுத்துச் செல்வர். டி.என்.ஏ. உட்கருவைவிட்டு அகலாததும் அவ்வாறே. தூது என்பதோ தமிழில் ஓர் இலக்கிய வகை; கிள்ளையும் முகிலும் நெஞ்சும் தூது சென்ற மொழி இது. 2020க்குப் பின் பெருந்தொற்றுக் காலத்தில் இத்தூது இழையைக் கொண்டே தடுப்பூசிகள் ஆக்கப்பட்டபோது, நாளேடுகள் பலவும் 'எம்.ஆர்.என்.ஏ.' என்று எழுத்தெண்ணி எழுதின. கையில் இருந்த சொல்லை மறந்த காட்சி அது.

படியெடுப்போர்க்குப் பிழை நேர்வது இயல்பு. உயிரணு பிரியுமுன் டி.என்.ஏ. முழுவதும் மறுபடி எழுதப்படும். மெய்ப்புப் பார்க்கும் நொதிகளும் உண்டு. திருத்தங்களெல்லாம் முடிந்தபின் எஞ்சும் பிழை ஏறக்குறைய நூறு கோடி எழுத்துக்கு ஒன்று. அவ்வொன்றும் சிலபோது பெரும்பிழையாகும். குருதியின் சிவப்பணுக்களை அரிவாள்போல் வளைக்கும் நோய் நீலகிரிப் பழங்குடியினரிடையே காணப்படுகிறது. அதற்குக் காரணம் ஹீமோகுளோபின் புரதத்துக்குரிய மரபணுவில் ஓரெழுத்து மாறியிருப்பதே. இப்பிழைக்குத் தமிழகப் பாடநூல்கள் 'திடீர் மாற்றம்' என்றும் 'சடுதி மாற்றம்' என்றும் பெயர் சூட்டின. இலங்கையார் 'விகாரம்' என்றனர்.

விகாரம் என்ற சொல் பேச்சுவழக்கில் அருவருப்பைக் குறிப்பதால் தமிழகத்தார் அதனை ஒதுக்கினர் போலும். ஆனால் இலக்கணம் கற்றோர்க்கு அதன் பொருள் வேறு. நன்னூல் எழுத்துகளின் விகாரத்தை மூன்றாக வகுக்கிறது: தோன்றல், திரிதல், கெடுதல். ஓரெழுத்துப் புதிதாக வந்து சேர்வது, ஒன்று மற்றொன்றாக மாறுவது, இருந்தது மறைவது. மரபணுவில் நேரும் சிறு மாற்றங்களையும் அறிவியலார் சேர்தல், மாறுதல், நீங்கல் என மூன்றாகவே வகுப்பர். நன்னூல் செய்த பவணந்தியாரை ஆதரித்தவன் சீயகங்கன். குவளாலபுரம் என்னும் கோலாரைத் தன் மரபின் ஊராகக் கொண்ட கங்கர் குலத்தவன். கிருட்டிணகிரி மாவட்டத்தின் எல்லையைக் கடந்தால் கோலார் தொலைவில் இல்லை. எழுத்து எவ்வாறெல்லாம் பிறழும் என்று இந்த எல்லைப்புறத்து மன்னன் கேட்க எழுதிய நூலில், ஏழு நூற்றாண்டுக்குப் பின் வரவிருந்த துறை ஒன்றுக்கு வேண்டிய பாகுபாடு ஆயத்தமாய்க் கிடந்தது. பவணந்தியார் மரபணுவை அறிந்திருந்தார் என்று சொல்வது பேதைமை. எழுத்தால் ஆன எதுவும் இம்மூன்று வழிகளில்தான் மாற இயலும் என்பதே உண்மை. அதை அவர் கூர்ந்து கண்டிருந்தார்.

அண்மையில் மருத்துவ அறிவியலாரே பெயரை மாற்றி வருகின்றனர். எழுத்து வேறுபாடு ஒவ்வொன்றும் நோயைத் தருவதில்லை. மனிதர் இருவரை ஒப்பிட்டால் பல இலட்சம் இடங்களில் எழுத்து வேறுபடும். எனவே பிழை என்ற நிழல் படிந்த பழைய சொல்லைத் தவிர்த்து, வேற்று வடிவம் என்று பொருள்படும் சொல்லையே அவர்கள் இப்போது ஆள்கின்றனர். இதற்குத் தமிழ்ப் பதிப்புலகில் ஒரு சொல் உண்டு. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியதுமுதல் உ.வே.சாமிநாதையர் ஏடுதோறும் கண்ட வேறுபாடுகளைப் பிழை என்று வீசிவிடாமல் குறித்து வைத்தார். அவற்றுக்குப் பெயர் பாடபேதம்.